வாடகை வீட்டில் குளிரும் வெக்கையும்: ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவில் என் முதல் குளிர்காலம் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு வீட்டின் நிலத்தடித் தளமான பேஸ்மென்டில் கழிந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் மேலே ஏறிச் சென்று, "அண்ணை, கீழே சரியான குளிராக இருக்கிறது" என்றேன். "மேலே நாங்கள் பெனியனோடு இருக்கிறோம், தம்பி. முதல் வருசம் எல்லாருக்கும் இப்படித்தான், உடம்பு பழகிவிடும்" என்றார் வீட்டுக்காரர். அவர் சொன்னதை நம்பி மூன்று வாரம் இரண்டு கம்பளிக்குள் படுத்தேன். வேலையிடத்தில் ஒருவர் சொன்னதைக் கேட்டுச் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி வந்து கட்டிலருகே வைத்தபோது அது 16.5 பாகை காட்டியது. அந்த எண்ணைப் படம் எடுத்துக் குறுஞ்செய்தியாக அனுப்பிய இரண்டாம் நாள் வீட்டுக்காரர் ஏணியோடு கீழே வந்தார். கோடையில் குளிர்காற்று பேஸ்மென்டில் வீணாகாமலிருக்கக் காற்றுக்குழாயின் தகட்டுக் கதவை யாரோ மூடியிருந்தார்கள். அதைத் திறக்க அவருக்கு ஐந்து நிமிடமும் ஆகவில்லை.

"குளிர்கிறது" என்று சொன்னால் அது உங்கள் உடம்பைப் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடும், "16.5" என்று சொன்னால்தான் அது வீட்டைப் பற்றிய பேச்சாகும். இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால், கீழே சொல்லப்படும் படிகளில் பாதி தானாகவே விளங்கும். இங்கே தரப்படும் எண்களும் தேதிகளும் ரொறன்ரோ நகருக்கானவை. மிசிசாகா, பிரம்ரன், மார்க்கம், ஏஜக்ஸ் போன்ற நகரங்களுக்குத் தனித்தனி விதிகள் இருப்பதால், அங்கே வாழ்பவர்கள் தங்கள் நகரசபையிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

உங்கள் வீட்டைச் சூடாக்குவது எது என்று பாருங்கள்

முறைப்பாடு செய்யும் முன், வெப்பம் எங்கிருந்து வருகிறது, அதைக் கூட்டவும் குறைக்கவும் யாரால் முடியும் என்ற இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும். தனி வீடுகளிலும் அவற்றின் பேஸ்மென்டுகளிலும் பெரும்பாலும் எரிவாயுவில் இயங்கும் ஃபர்னஸ் ஒன்று காற்றைச் சூடாக்கிக் குழாய்கள் வழியாக ஒவ்வோர் அறைக்கும் தள்ளுகிறது. முழு வீட்டுக்கும் ஒரே ஃபர்னஸும், வேண்டிய வெப்பநிலையைக் குறித்து அதை இயக்கும் ஒரே தெர்மோஸ்டாட்டும் இருப்பதே வழக்கம். அந்தத் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் மேல்தள நடைவழியில் இருக்கும். மேல்தளம் கேட்ட சூட்டை அடைந்ததும் இயந்திரம் நின்றுவிடுவதால், பேஸ்மென்டில் வாழ்பவர் எவ்வளவு நடுங்கினாலும் அது இயந்திரத்துக்குத் தெரியாது. சூடான காற்று மேலே எழும் இயல்புடையது. பேஸ்மென்டிலோ காற்று வரும் துவாரங்கள் கூரையில் இருக்கின்றன. அதனால் தலைக்குச் சூடும் காலுக்குக் குளிரும் கிடைப்பது அங்கே வழக்கம்.

பழைய அடுக்குமாடிகளில் கட்டடத்தின் அடியில் உள்ள கொதிகலன் வெந்நீரை ரேடியேட்டர்களுக்கு அனுப்புகிறது. அங்கே உங்கள் அறையில் தெர்மோஸ்டாட்டே இல்லாமலிருக்கலாம், அல்லது சுவரில் இருப்பது வேலைசெய்யாத பழைய பெட்டியாக இருக்கலாம். சில கட்டடங்களில் தரையோரமாக நீளும் மின்சார ஹீட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் செலவு உங்கள் ஹைட்ரோ பில்லில் வரும். (மின்சாரத்தை இங்கே ஹைட்ரோ என்பார்கள். தண்ணீர் பில் என்று நினைத்து அதைக் கட்டாமல் விட்டவரை எனக்குத் தெரியும்.) ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமையாளர் உள்ள புதிய அடுக்குமாடிகளான கொண்டோக்களில் சுவருக்குள் இருக்கும் விசிறிப் பெட்டி ஒன்றே குளிர்காலத்தில் சூட்டையும் கோடையில் குளிரையும் தருகிறது. ஆனால் அவற்றில் பல கட்டடங்களில் ஒரே சோடிக் குழாய்தான் ஓடுகிறது. அதில் வெந்நீர் ஓடும் காலத்தில் குளிர்நீர் ஓடாது. கட்டட நிருவாகம் வசந்தத்தில் ஒருமுறையும் இலையுதிர்காலத்தில் ஒருமுறையும் அதை மாற்றுகிறது. மே மாதத்தில் திடீரென்று 30 பாகை வெயில் அடிக்கும்போது ஏசி வேலைசெய்யவில்லை என்று நீங்கள் கோபப்படுவதும், அக்டோபர் தொடக்கத்தில் சூடு வரவில்லை என்று கோபப்படுவதும் பெரும்பாலும் இந்த மாற்றத்தின் தாமதத்தால்தான்.

சட்டம் கேட்கும் எண்கள்

ரொறன்ரோ நகரசபைச் சட்டத்தின் 497ஆம் அத்தியாயத்தின்படி, வாடகைக்கு விடப்பட்ட வீட்டில் செப்டெம்பர் 15 முதல் ஜூன் 1 வரை குறைந்தது 21 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். பகலுக்கும் இரவுக்கும் எண் ஒன்றுதான்; "இரவில் எல்லோரும் போர்த்திக்கொண்டுதானே படுக்கிறார்கள்" என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஒன்ராறியோ மாகாண ஒழுங்குவிதி செப்டெம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வெப்பத்தை அத்தியாவசியச் சேவை என வகைப்படுத்தி, குறைந்தது 20 பாகை கேட்கிறது. தண்ணீரையும் மின்சாரத்தையும் போலவே, அந்தக் காலத்தில் வீட்டுக்காரர் வெப்பத்தையும் வேண்டுமென்றே துண்டிக்கவோ தடுக்கவோ கூடாது. வாடகைப் பாக்கி இருந்தாலும் கூடாது.

சூட்டுக்கான கட்டணத்தை நீங்களே செலுத்துவதாக ஒப்பந்தம் இருந்தால், வீட்டைச் சூடாக வைத்திருப்பது உங்கள் கையில் இருக்கிறது. அப்போதும் கருவியைப் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமைதான். பழுது இருப்பதைத் தெரிந்துகொண்டே நீங்கள் குடிவந்திருந்தாலும் அந்தக் கடமை நீங்காது என்று 2006ஆம் ஆண்டின் வாடகைக் குடியிருப்புச் சட்டம் சொல்கிறது. "பார்த்துத்தானே வந்தீர்கள்" என்று யாராவது கேட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, புதிதாக வருபவர்களில் பலர் அதில்தான் விழுகிறார்கள். வீட்டுக்காரரோடோ அவருடைய நெருங்கிய குடும்பத்தாரோடோ சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டில் ஓர் அறையில் தங்கியிருந்தால், அந்த மாகாணச் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. மாணவர்களாக வந்து ஓர் அறை எடுத்துத் தங்குபவர்கள் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பேச்சுவார்த்தையும், வேறு இடம் பார்க்கும் உரிமையும்தான். தனிச் சமையலறையும் தனிக் குளியலறையும் உள்ள பேஸ்மென்டில் இருப்பவருக்கோ, அந்தப் பேஸ்மென்ட் நகரசபையில் பதிவாகாததாக இருந்தாலும், சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

அளந்து எழுதிவையுங்கள்

மலிவான டிஜிட்டல் வெப்பமானி ஒன்று போதும். ஈரப்பதத்தையும் காட்டுவதாக இருந்தால் மேலும் நல்லது, அதன் பயன் பின்னால் தெரியும். யன்னல் விளிம்பிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைத்து அளந்தால் எண் குறைவாகத்தான் வரும், அதை யாரும் ஏற்கமாட்டார்கள். தரையிலிருந்து 1.5 மீற்றர் உயரத்திலும் வெளிச்சுவரிலிருந்து 1 மீற்றர் உள்ளேயும் வைத்து அளப்பதே மாகாண ஒழுங்குவிதி சொல்லும் முறை. நெஞ்சுயரத்துக்குச் சற்று மேலே, அறையின் உட்பக்கமாக ஓர் அலமாரித் தட்டில் வைத்தால் ஏறக்குறைய அந்த இடம் வந்துவிடும்.

காலையில் எழுந்ததும், மாலையில், படுக்கும் முன் என நாளுக்கு மூன்று முறை, ஒவ்வோர் அறையிலும் எண்ணைப் பார்த்து, தேதி, நேரம், வெளியே இருந்த குளிர் ஆகியவற்றோடு எழுதிவையுங்கள். வெப்பமானியைப் படம் எடுத்து வைத்தால், படத்தோடு நேரமும் பதிவாகிவிடும். சமையலறையில் அடுப்பு எரியும்போது எடுத்த எண் பயன்படாது. நம் ஆட்கள் பலரும் தேங்காயெண்ணெய்ப் போத்தல் உறைந்துபோனதைச் சாட்சியாகக் காட்டுவார்கள். அது ஏறக்குறைய 24 பாகையிலேயே உறையத் தொடங்கிவிடும், சட்டப்படி சூடான வீட்டிலும் உறைந்துதான் கிடக்கும். ஆகவே அதை விட்டுவிடுங்கள்.

ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே பார்க்கக்கூடியவை

பழுது என்று சொல்லி ஆளை வரவழைத்த பின் பொத்தான் அணைந்திருந்ததுதான் காரணம் என்று தெரிந்தால், அடுத்த முறை உங்கள் சொல்லுக்கு மதிப்பிருக்காது. ஆகவே தெர்மோஸ்டாட் சூட்டு நிலையில் இருக்கிறதா, அதன் மின்கலம் தீர்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். மின்சார ஹீட்டராக இருந்தால் மின்சுற்றுகளின் ஆளிகள் உள்ள பிரேக்கர் பெட்டியைத் திறந்து, நடுநிலையில் நிற்கும் ஆளியை முழுவதும் அணைத்துவிட்டு மீண்டும் போடுங்கள். மறுபடியும் விழுந்தால் அதற்குமேல் தொடாதீர்கள், அது மின்பழுது. துவாரங்கள் மீதும் ரேடியேட்டர் முன்பும் கட்டில், சோபா, நீளத் திரை ஏதாவது மறைத்திருக்கிறதா என்று பாருங்கள். சிறிய பேஸ்மென்டில் கட்டிலை வேறெங்கும் போட இடமில்லாமல் காற்றை இழுத்துக்கொள்ளும் துவாரத்தை அடைத்துவிட்டு, சூடு வரவில்லை என்று தவித்தவர்கள் பலர்.

ஃபர்னஸ் உங்கள் பக்கம் இருந்து, அதைத் தொட உங்களுக்கு அனுமதியும் இருந்தால், வடிகட்டியை வெளியே இழுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சாம்பல்நிறப் போர்வைபோலத் தூசி படிந்து ஒளி ஊடுருவாமல் இருந்தால், அதே அளவுள்ள புதியதை வாங்கி, அதன் விளிம்புச் சட்டகத்தில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸை நோக்கியிருக்கும்படி போடுங்கள். மெல்லிய வடிகட்டிகளை ஒன்று முதல் மூன்று மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டியிருக்கும். மிளகாய் வறுத்துத் தாளிக்கும் வீட்டில் மூன்று மாதம் என்பது பேராசை. கடும் பனி கொட்டிய மறுநாள் ஃபர்னஸ் நின்றுபோனால், வெளிச்சுவரில் முழங்கால் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்களைப் பாருங்கள். அவற்றின் வாயைப் பனி அடைத்திருந்தால், பாதுகாப்புக்காக இயந்திரம் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். கையால் பனியை விலக்கியதும் அது மீண்டும் இயங்கக்கூடும்.

எரிவாயுக் கருவியின் மூடியைத் திறப்பதும், தீச்சுடரைப் பற்றவைக்க முயல்வதும், கொதிகலன் அறைக்குள் நுழைவதும் உங்கள் வேலை அல்ல. எரிவாயு வேலைக்கு உரிமம் பெற்ற தொழிலாளரைத்தான் அழைக்க வேண்டும், அதற்கு வீட்டுக்காரரே பணம் செலுத்த வேண்டும்.

எழுத்தில் தெரிவியுங்கள்

தொலைபேசியில் பேசுவது மரியாதைக்கு நல்லது. ஆனால் பேசி முடித்ததும் அதையே மின்னஞ்சலாகவோ குறுஞ்செய்தியாகவோ அனுப்பிவிடுங்கள். நம்மவர் வீட்டில் வாடகைக்கு இருக்கும்போது இது சங்கடமாகத்தான் தோன்றும்: கோயிலில் சந்திப்பவருக்கு, பிள்ளைகளை ஒரே வகுப்புக்குக் கூட்டிச் செல்பவருக்கு, எழுத்தில் எப்படி முறைப்பாடு அனுப்புவது என்று தயங்குவோம். எழுத்து பணிவாக இருக்கலாம், ஆனால் அதில் எண் இருக்க வேண்டும். "அக்கா, டிசம்பர் 9 இரவு 10 மணிக்குப் படுக்கையறையில் 17 பாகையும் இன்று காலை 7 மணிக்கு 16.5 பாகையும் இருந்தன. வடிகட்டியையும் துவாரங்களையும் பார்த்துவிட்டேன், அவை சரியாக இருக்கின்றன. இன்றைக்குள் ஆள் அனுப்பிப் பார்த்தால் உதவியாக இருக்கும். மாலை 5 மணிக்குப் பிறகு வீட்டில் இருப்பேன்" என்ற அளவில் நான்கைந்து வரிகள் போதும். இதில் கோபம் எதுவுமில்லை. ஆனால் பின்னாளில், வீட்டுக்காரர் வாடகைக்காரர் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் பார்க்க விரும்பும் தேதி, நேரம், எண், நீங்கள் சரிபார்த்தவை, கேட்ட காலக்கெடு எல்லாமே இருக்கின்றன.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மாடிகளும் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளும் உள்ள வாடகைக் கட்டடங்கள் 2017இல் தொடங்கிய ரென்ட்சேஃப் என்ற நகரசபைத் திட்டத்தின் கீழ் வருகின்றன. அங்கே வெப்பம் நின்றுபோனது போன்ற அவசர முறைப்பாடுகளுக்கு 24 மணி நேரத்துக்குள்ளும், மற்றவற்றுக்கு ஏழு நாட்களுக்குள்ளும் நிருவாகம் பதிலளிக்க வேண்டும். அலுவலகத்தில் உள்ள படிவத்தில் எழுதிக் கொடுத்துப் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டோக்களும் தனி வீட்டுப் பேஸ்மென்டுகளும் இந்தத் திட்டத்துக்குள் அடங்கா. எனினும் 21 பாகை விதி அவற்றுக்கும் உண்டு. கொண்டோவில் இருப்பவர் கட்டட நிருவாகத்துக்குத் தகவல் சொல்லலாம், ஆனால் பொறுப்பாளி உங்களிடம் வாடகை வாங்கும் உரிமையாளரே.

பழுது பார்க்க வருபவர் உள்ளே வர, வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவித்து, காலை 8 மணிக்கும் இரவு 8 மணிக்கும் இடையில் வர வேண்டும் என்பது பொது விதி. குளிரில் நடுங்கும்போது அந்த விதியைப் பிடித்துக்கொண்டு ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள். உடனே வரலாம் என்று நீங்களே எழுத்தில் சம்மதம் கொடுத்துவிடுங்கள்.

பதில் வராவிட்டால் 311

உரிய நேரத்தில் எதுவும் நடக்காவிட்டால் நகரசபையின் தொலைபேசி எண்ணான 311ஐ அழையுங்கள். தமிழில் பேச வேண்டும் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. முகவரி, வீட்டு எண், அளந்த பாகை, வீட்டுக்காரருக்கு எப்போது அறிவித்தீர்கள் என்பவற்றைச் சொல்லி, அவர்கள் தரும் முறைப்பாட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண் இல்லாமல் அடுத்த முறை அழைத்தால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும். நகரசபை அதிகாரி வந்து அளந்து பார்த்து, குறைவாக இருந்தால் சரிசெய்யும்படி வீட்டுக்காரருக்கு உத்தரவு கொடுக்க முடியும்.

முறைப்பாடு செய்தால் வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. உரிமையைக் கேட்டதற்குப் பழிவாங்கும் நோக்கில் வெளியேற்றக் கேட்கப்பட்டதாகத் தீர்ப்பாயம் கண்டால், அந்தக் கோரிக்கையை அது மறுக்க வேண்டும் என்பது சட்டம். அதே நேரம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியவையும் உண்டு: பதிவாகாத பேஸ்மென்டுக்கு அதிகாரி வந்தால், வெப்பத்தைத் தவிர வேறு குறைகளும் அவர் கண்ணில் படலாம், அதனால் அந்த இடமே வாடகைக்கு இல்லாமல் போகும் நிலையும் வரலாம். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேற்றப்பட்ட வீடுகளுக்கு வாடகை உயர்வின் உச்சவரம்பு பொருந்தாது. இவற்றை எண்ணிப் பார்த்து, எந்தக் கதவை எப்போது தட்டுவது என்று நீங்களே முடிவுசெய்ய வேண்டும். தனியாக முடிவெடுக்கத் தயங்கினால், உங்கள் பகுதிச் சமூகச் சட்ட உதவி நிலையத்தில் இலவசமாகக் கேட்கலாம்.

தீர்ப்பாயம், வாடகை, செய்யக்கூடாத ஒன்று

குளிர்கிறது என்பதற்காக வாடகையை நிறுத்தாதீர்கள். வாடகை தராததற்கு வீட்டுக்காரர் என்4 என்ற அறிவித்தலைக் கொடுத்து, அதில் குறித்த நாளுக்குள் பணம் வராவிட்டால் வெளியேற்றக் கோரி விண்ணப்பிக்கலாம். அதுவரை முறைப்பாட்டாளராக இருந்த நீங்கள் அந்த நாளிலிருந்து கடனாளியாகிவிடுவீர்கள். சரியான வழி, வீட்டுக்காரர் வாடகைக்காரர் தீர்ப்பாயத்தில் டி6 என்ற பராமரிப்பு விண்ணப்பத்தைத் தாக்கல் செய்வது. வேண்டுமென்றே வெப்பத்தைத் துண்டித்திருந்தால் அதற்கு டி2 என்ற விண்ணப்பம் உண்டு. பழுது பார்க்கும்படி உத்தரவு, குளிரில் கழித்த நாட்களுக்கு வாடகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரல், ஹீட்டர் வாங்கிய செலவு ஆகியவற்றைக் கேட்கலாம். பிரச்சினை நடந்து ஓர் ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விசாரணைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம் என்பதால், இன்றிரவுக் குளிருக்கு இது மருந்தாகாது. கடந்துபோன குளிருக்கு ஈடு கேட்கும் வழி என்றுதான் இதைக் கொள்ள வேண்டும்.

சூடு வரும்வரை இரவைக் கடத்துவது

ஆள் நாளைதான் வருவார் என்றால், இன்றிரவுக்கு ஒரு சிறிய மின்ஹீட்டரைக் கேளுங்கள், அல்லது வாங்கிப் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே விற்கப்படும் ஹீட்டர்கள் பெரும்பாலும் 1500 வாட். வீட்டுச் சாதாரண மின்சுற்று தாங்கும் சுமையின் பெரும்பகுதியை அது ஒன்றே எடுத்துவிடும். அதே சுற்றில் கெற்றிலையும் போட்டால் பிரேக்கர் விழும். நீட்டிப்பு வயரில் மாட்டாதீர்கள், நேரே சுவர்ச்செருகியில்தான் போட வேண்டும். படுக்கை, திரை, உலரப்போட்ட துணி எல்லாம் ஒரு மீற்றருக்கு அப்பால் இருக்கட்டும். இரவு எட்டு மணி நேரம் தொடர்ந்து எரிந்தால் 12 அலகு, அப்படியே ஒரு மாதம் போனால் 360 அலகு. ஆகவே அது ஓரிரு இரவுக்கான ஏற்பாடாக மட்டுமே இருக்க வேண்டும்.

எரிவாயு அடுப்பின் ஓவன் கதவைத் திறந்துவைத்து வீட்டைச் சூடாக்குவதும், கரியடுப்பையோ பார்பிக்யூவையோ உள்ளே எரிப்பதும் உயிரைப் பறிக்கும். எரிதலில் பிறக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2013 டிசம்பர் உறைமழைப் புயலில் ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 இலட்சம் மின்வாடிக்கையாளர்கள் இருளில் இருந்தார்கள். அப்படிப்பட்ட இரவுகளில்தான் இந்தத் தவறு நடக்கும். எரிவாயுக் கருவி உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பான் இருக்க வேண்டியது சட்டம். அதைப் பொருத்துவது வீட்டுக்காரர் பொறுப்பு, கழற்றிவைப்பது குற்றம். அது அலறினால், அல்லது வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால், உடனே வெளியேறி அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது எரிவாயுக் கசிவு: மின்ஆளியைக்கூடத் தொடாமல் வெளியேறி, தெருவிலிருந்து தொலைபேசுங்கள்.

யன்னல் வழியே குளிர் இறங்குகிறது என்றால், ஹாட்வெயார் கடைகளில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை யன்னல் சட்டத்தில் ஒட்டி, தலைமுடி உலர்த்தியால் சூடேற்றி இறுக்குங்கள். சுருக்கம் நீங்கி, கண்ணாடிபோல் விறைத்து நிற்கும். கதவடியில் பழைய சேலையைச் சுருட்டி வைத்தாலும் போதும்.

யன்னலில் வழியும் நீர்

குளிர்காலத்தில் யன்னல் கண்ணாடி வியர்த்து, அதன் கீழ்ச்சட்டத்தில் கரும்புள்ளிகள் தோன்றினால் வீட்டுக்காரர் உங்கள் சமையலைக் குறைசொல்வார். நீங்கள் அவருடைய யன்னலைக் குறைசொல்வீர்கள். பெரும்பாலும் இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். புட்டும் இடியப்பமும் அவிக்கும் வீட்டில் நீராவி அதிகம்; அதோடு துணியையும் உள்ளே உலரப்போட்டால் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டிவிடும். குளிர்காலத்தில் 30 முதல் 40 விழுக்காடு நல்ல அளவு. சமைக்கும்போதும், குளித்த பின் அரை மணி நேரமும் புகைபோக்கி விசிறியைப் போடுங்கள். காலையில் கண்ணாடியைத் துடையுங்கள். இவ்வளவும் செய்து, ஈரப்பதம் 40க்குக் கீழே இருந்தும் சுவர் மூலையில் பூஞ்சை படர்ந்தால், அது நீர்க்கசிவாகவோ சுவரின் போதாத வெப்பக்காப்பாகவோ இருக்கலாம். படத்தோடு எழுதி அனுப்புங்கள்.

கோடைக்காலம்

ரொறன்ரோவின் கோடையைக் கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருபவர்கள் இலேசாக எண்ணிவிடுவார்கள். இங்கே கட்டடங்கள் வெப்பத்தை உள்ளே பிடித்துவைக்கவே கட்டப்பட்டவை. மேற்குப் பார்த்த மேல்மாடி வீட்டில் ஜூலை மாலையில் காற்றே அசையாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2021இல் வீசிய வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தங்கள் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள்.

சூடாக்குவதற்கு இருப்பதுபோலக் கோடையில் குளிரூட்டுவதற்குச் சட்டம் அவ்வளவு வலுவானதல்ல. வீட்டுக்காரர் ஏசி வசதி தந்திருந்தால், ஜூன் 2 முதல் செப்டெம்பர் 14 வரை வீட்டுக்குள் வெப்பம் 26 பாகையைத் தாண்டாதவாறு அதை இயக்க வேண்டும். ஏசி இல்லாத வீட்டுக்கு இந்த விதி பொருந்தாது. மே மாத வெயிலில் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருக்க, "ஜூன் 1 வரை சூட்டை நிறுத்தச் சட்டம் விடாது" என்று நிருவாகம் சொன்னால் அது பிழையான பதில். சட்டம் கேட்பது 21 பாகைக்குக் குறையாமலிருப்பதையே. வீடு தானாகவே 27 பாகையில் இருக்கும்போது கொதிகலனை எரிக்கச் சொல்லவில்லை.

சொந்தமாக ஏசி வாங்குவதாயின் முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். மின்சாரம் வாடகைக்குள் அடங்கியிருந்தால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், அதை எழுத்தில் பேசி முடியுங்கள். யன்னலில் மாட்டும் ஏசியை நீங்களே புத்தகக் கட்டும் மரத்துண்டும் முட்டுக்கொடுத்து நிறுத்தாதீர்கள். 2019 நவம்பரில் ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடி யன்னலிலிருந்து விழுந்த ஏசி, கீழே சென்றுகொண்டிருந்த இரண்டு வயதுக் குழந்தையின் உயிரைப் பறித்தது. தரையில் நிற்கும் ஏசிக்கு வெப்பத்தை வெளியேற்றும் குழாய் உண்டு. குழந்தைகளின் பாதுகாப்புக்காக மாடி யன்னல்கள் 10 சென்ரிமீற்றருக்கு மேல் திறக்காதபடி தடை பொருத்தப்பட்டிருக்கும் என்பதால், அந்த இடைவெளியில் குழாய்த்தலை பொருந்துமா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். தடையைக் கழற்றிவிட்டுப் பொருத்தக் கூடாது.

ஏசி இல்லாதவர்கள் காலை ஒன்பது மணிக்கே யன்னலையும் திரையையும் மூடி, இரவு வெளியே குளிர்ந்த பிறகு எதிரெதிர் யன்னல்களைத் திறந்து விசிறியை வெளிநோக்கி வைக்கலாம். அறை 35 பாகையை எட்டிவிட்டால் விசிறி உடம்பைக் குளிர்விக்காது. அப்போது முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் அருகிலுள்ள நூலகத்துக்கோ சமூக நிலையத்துக்கோ கூட்டிச் சென்றுவிடுவதே நல்லது. ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பா, "இதென்ன வெயில், எங்கள் ஊரில் பார்க்காததா" என்பார்கள்; அவர்கள் சொல்லை விட்டு வெப்பமானியைப் பாருங்கள்.

அடுத்த வீடு பார்க்கப் போகும்போது

வெப்பமானியைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தெர்மோஸ்டாட் எங்கே, அதை யார் தொடலாம், சூடும் ஹைட்ரோவும் வாடகைக்குள் அடக்கமா, கடந்த ஜனவரியில் பில் எவ்வளவு வந்தது என்று கேளுங்கள். சொன்ன பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கோடையில் வீடு பார்க்கிறீர்கள் என்றாலும் தெர்மோஸ்டாட்டை ஏற்றி ஃபர்னஸ் எரிகிறதா என்று ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பிறகு ஒவ்வோர் அறையிலும் கூரைத் துவாரத்தின் கீழே கையை நீட்டிப் பாருங்கள். எந்த அறையில் காற்று வரவில்லையோ, அதற்குப் போகும் குழாயின் தகட்டுக் கதவைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள்.